கொலையாளி யாருன்னு ஆயாதான் முதல்ல சொன்னாங்க!

எங்கள் வீட்டில் க்ரைம் தொடர் பார்க்க உட்கார்ந்தால், இரண்டாவது எபிசோடு முடிவதற்குள் ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துவிடுவோம். அப்புறம் அவரவர் ஆளுக்காகச் சண்டை. பால் பொங்கி வழிந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டோம்.

இது பரம்பரை வியாதி. 90-களில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விடாது கருப்பு’ வந்தபோது, ஒரு எபிசோடு முடிந்து அடுத்தது வரும்வரை தெருக் குழாயடியில் துப்பறிந்திருக்கிறார் அம்மா. குதிரையில் வருவது சாமியா, மனுஷனா என்று வாரம் முழுக்கப் பேச்சு ஓடுமாம். எங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மொத்த எபிசோடும் ஒரே நாளில் வந்துவிடுகிறது. ராத்திரியே முடித்துவிட்ட தம்பியின் வாயை மூடுவதுதான் பெரும்பாடு.

2022 ஜூனில் வந்த புஷ்கர் - காயத்ரியின் ‘சுழல்’ எங்களுக்குக் கொஞ்சம் சொந்தக் கதை மாதிரி. அதில் ஊர் முழுக்க மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. அவலூர்பேட்டை வழியாகப் பஸ் பிடித்தால் மேல்மலையனூர். மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படுவதைப் பார்க்க வருஷம் தவறாமல் போய்வந்தவர் ஆயா. அதனால் ‘சுழல்’ ஓடும்போது பாதி நேரம் கதையை விட்டுவிட்டு, “வேஷம் இப்படிக் கட்டமாட்டாங்களே” என்று திருவிழாவில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

கதைப்படி, தொழிற்சங்கத் தலைவரின் மகள் நிலா காணாமல் போகிறாள். அம்மா ஃபேக்டரி முதலாளி பக்கம் கை காட்டினார். தம்பி, பார்த்திபன் நடித்த அப்பா கேரக்டரையே சந்தேகப்பட்டான். ஆயா மட்டும் நாங்கள் யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒருவரைச் சொன்னார்.

“ச்சே, அவரு எவ்ளோ நல்லவரு!” என்றார் அம்மா.

“வெளியாளுக்கு அந்தக் கொழந்த எப்போ தனியா இருக்கும்னு எப்படித் தெரியும்?”

கடைசி எபிசோடில் ஆயா சொன்னதுதான் நடந்தது. (இன்னும் பார்க்காதவர்களுக்காகப் பெயரைச் சொல்லவில்லை.) யாரும் கைதட்டவில்லை. அம்மா டி.வி-யை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலை பூ கட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம், எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். “எங்க காலத்துலயும் இருந்தானுங்க. வெளிய சொல்லத்தான் வாய் இல்ல” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நமக்கு ட்விஸ்ட்டாகத் தெரிந்தது ஆயாவுக்குத் தெரிந்த கதை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளும் வருஷா வருஷம் அதைத்தான் சொல்கின்றன. போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், 100-க்கு 90-க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். ஆனால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சந்தேகப்படும் வரிசையைப் பாருங்கள். முதலில் வெளியூர்க்காரன், அடுத்து பணக்காரன், அப்புறம் அந்தப் பெண்ணேதான்!

அதே வருஷ டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் வந்த ‘வதந்தி’யில் இது இன்னும் அப்பட்டம். கொலையான வெலோனியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நண்பர்களோடு டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினோம். ஒரு மணி நேரமும் ‘அவ எப்படிப்பட்ட பொண்ணு’ என்பதிலேயே போனது. தொடர் எதைக் காட்டித் திட்டுகிறதோ, அதையே டீ குடித்துக்கொண்டே செய்தோம்.

டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பதால் இது நிஜத்திலும் தெரிகிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டம். செய்தி வந்த கையோடு உறவுக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள். “எந்த ஊர்ப் பொண்ணு?” என்பதுதான் முதல் கேள்வி. செய்தவன் யாரென்று இதுவரை ஒருவரும் முதலில் கேட்டதில்லை.

2025 பிப்ரவரியில் ‘சுழல் 2’ வந்தது. ஒரே கொலையை, ‘நான்தான் செய்தேன்’ என்று எட்டுப் பெண்கள் சரணடைவார்கள். தம்பி வழக்கம்போல லாஜிக் பேச ஆரம்பித்தான். “எட்டுப் பேரும் ஒரே பொய்ய சொல்றாங்கன்னா, உண்மைய சொன்னப்போ எவனும் கேக்கலன்னு அர்த்தம்” என்றார் ஆயா.

அந்த மே மாத லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தி மகள், ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிறவள். முன்பென்றால் “அடம் பிடிக்காதே, நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்று அம்மா கிளப்பியிருப்பார். அன்று, கட்டியிருந்த பட்டுப்புடவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்களை மட்டும் போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு உட்கார்ந்தார்.