பிஸ்லியின் பள்ளத்தில் நிற்பவர்கள்

பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1859இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் போட்டி 1860 ஜூலையில் லண்டனையொட்டிய விம்பிள்டன் திடலில் நடந்தது. அன்று ஒரு விட்வொர்த் ரைபிளைத் தாங்கியில் இறுக்கி, 400 கஜ தூரத்துப் பலகைக்குக் குறிவைத்து நிறுத்திவிட்டார்கள். விசையில் கட்டிய கயிற்றை இழுத்தது மட்டுமே விக்டோரியா அரசியாரின் பங்கு. தோட்டா நடுப்புள்ளியை விட்டு ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பட்டது. திடலைச் சுற்றி வீடுகள் பெருகவே, 1890இல் சங்கம் சர்ரே மாவட்டத்தின் மணற்பாங்கான புதர்வெளிக்குக் குடிபெயர்ந்தது. அந்த இடந்தான் பிஸ்லி.

இங்குள்ள சுடுதளங்களில் இரண்டு முக்கியமானவை. செஞ்சுரி என்ற தளத்தில் 108 பலகைகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே 600 கஜம் வரை சுடலாம். ஸ்டிக்கிள்டவுன் தளத்தில் தூரம் 1200 கஜம் வரை போகும். போட்டி இல்லாத நாட்களில் மன்றங்களும் நண்பர் குழுக்களும் பலகைகளை வாடகைக்கு எடுத்துச் சுடுகிறார்கள்.

ஒரு பலகைக்கு இரண்டு அல்லது மூன்று பேர். தடித்த தோல் மேலங்கி, இடக்கையை ரைபிளோடு இழுத்துக் கட்டும் வார், இரு காதுக்கும் அடைப்பான். இவற்றோடு பாயில் குப்புறப் படுக்க வேண்டும். ‘டார்கெட் ரைபிள்’ பிரிவில் தொலைநோக்கி பொருத்திய ரைபிளுக்கு இடமில்லை. சிறு துளை வழியாகப் பார்த்தே குறிவைக்க வேண்டும். ஒருவர் ஒரு குண்டு சுட்டதும் அடுத்தவர் முறை. முறை வந்தவருக்கு 45 வினாடிதான் அவகாசம். சுடாமல் காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. நண்பரின் மதிப்பெண்ணை உரக்கச் சொல்லி அட்டையில் எழுதுவது அவர் வேலை. பார்க்கப்போனால் சுடும் நாளில் சுடும் நேரம் மிகக் குறைவு. எழுதுவதும் காற்றைக் கவனிப்பதுமே அதிகம்.

காற்றுதான் இங்கே எதிராளி. 1000 கஜத்தைக் கடக்கத் தோட்டாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் குறுக்கே வீசும் மிதமான காற்றே அதைப் பல அடி ஒதுக்கிவிடும். நடு வட்டத்தின் அகலமோ இரண்டடி. அதனால் தளத்தின் நெடுக நட்ட கொடிகளின் சாய்வைப் பார்த்தும், நிலத்திலிருந்து எழும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தொலைநோக்கியில் பார்த்தும் குறித்துளையைத் திருகி நகர்த்துகிறார்கள். கணக்குச் சரியா தவறா என்பதைச் சொல்ல வேண்டியவர் மறுமுனையில் இருக்கிறார்.

அவர்தான் மார்க்கர். பலகை வரிசைக்கு முன்னே கான்கிரீட் சுவர். அதன் வெளிப்புறம் மண் அணைத்திருக்கும். சுவரின் மறைவில் உள்ள பள்ளத்துக்கு ‘பட்ஸ்’ என்று பெயர். ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் பெரிய போட்டிக்கு மாணவர்கள் கூலிக்கு இந்த வேலைக்கு வருகிறார்கள். மன்றத்து நாட்களில் உறுப்பினர்களே முறை வைத்து இறங்குவதும் உண்டு. சுடுபவரின் பெயர் பலருக்குத் தெரிகிறது. பள்ளத்தில் நிற்பவரின் பெயர் எங்கும் அச்சாவதில்லை.

தோட்டா ஒலியைவிட வேகமாக வருவதால் தலைக்கு மேலே சாட்டையடி போல ஒரு வெடிப்பு முதலில் கேட்கும். ரைபிளின் சத்தம் 1000 கஜம் கடந்து வர இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். பலகைக்குப் பின்னாலுள்ள மணல்மேட்டில் புழுதி எழுந்தால் குண்டு பலகை வழியாகப் போயிருக்கிறது என்று மார்க்கர் அறிந்துகொள்வார். எதிர்எடை கட்டிய சட்டத்தை உடனே கீழே இழுப்பார். முந்தைய துளையில் செருகியிருந்த வட்டத் தகட்டைப் பிடுங்குவார். அந்தத் துளைமேல் ஒட்டுத்தாளை அழுத்தித் தேய்ப்பார். தகட்டைப் புதிய துளையில் செருகுவார். கறுப்புப் பகுதியில் பட்டிருந்தால் வெள்ளைத் தகடு. பிறகு பலகையின் ஓரத்தில் மதிப்பெண் காட்டும் துண்டை உரிய இடத்துக்கு மாற்றிவிட்டுச் சட்டத்தை மேலே தள்ளுவார். பழகிய கைக்கு இவ்வளவும் சில வினாடி வேலை. நாள் முழுக்க, மழையிலும், இதே அசைவுகள். மார்க்கர் மந்தமாக இருந்தால் சுடுபவர் கணித்து வைத்த காற்று அதற்குள் மாறிவிடும். ஆகவே மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவருடையது என்று சொல்வது மிகையாகாது.

தகராறுகளும் அவரிடமே வருகின்றன. எல்லைக்கோட்டைத் தொட்ட துளைக்கு மேல்வட்டத்தின் மதிப்பு. சந்தேகம் இருந்தால் சுடுபவர் சிறு தொகை கட்டி முறையிடலாம். அவர் சொன்னது சரி என்றால் பணம் திரும்பிவிடும். சில சமயம் ஒரே பலகையில் இரண்டு துளை கிடக்கும். பக்கத்துப் பலகைக்காரர் இடம் மாறிச் சுட்டுவிட்டார் என்று பொருள். அவர் கணக்கில் அந்தக் குண்டுக்குப் பூஜ்யம்.

ஜூலைப் போட்டியின் உச்சம் அரசரின் பரிசு. அதன் இறுதிச் சுற்றில் 900 கஜத்தில் 15 குண்டு, 1000 கஜத்தில் 15 குண்டு. பரிசுத் தொகை 250 பவுண்டு. வென்றவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் தூக்கிச் செல்வது வழக்கம். 1930இல் அப்படித் தூக்கப்பட்ட மார்ஜரி ஃபாஸ்டர், அந்தப் பரிசை வென்ற முதல் பெண்.

செஞ்சுரியில் இப்போது சில மின்னணுப் பலகைகள் வந்திருக்கின்றன. ஒலி உணரிகள் தோட்டா கடந்த புள்ளியைக் கணித்துச் சுடுபவரின் அருகிலுள்ள திரையில் காட்டிவிடும். பள்ளத்தில் ஆள் வேண்டாம். ஆள் கிடைக்காத சிறு மன்றங்களுக்கு இது நல்ல வசதி. ஆனால் சுடப் பழகுபவர் ஒரு நாளாவது பள்ளத்தில் நின்று ஒட்டுத்தாள் ஒட்டுவது நல்லது. குண்டுகள் எப்படிச் சிதறுகின்றன என்பதை அதைவிடத் தெளிவாக எந்தத் திரையும் கற்பிக்காது.

பிஸ்லி முகாமுக்கென்றே ஓடிய கிளை ரயில் 1952இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி புரூக்வுட்டில் இறங்க வேண்டும். ஜூலையில் அந்தப் பக்கம் செல்பவர்கள் மறக்காமல் காதடைப்பான் கொண்டுபோகவும்.