பற்றரியின் தாகம்

எண்பதைத் தாண்டிய எமது அன்னையாரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதற்கென, கொல்ப் மைதானமொன்றிற் கழித்து விற்ற மின்வண்டியை வாங்கியிருந்தோம். கொடியேற்றத்தன்று அது நடுவழியில் நின்றுவிட்டது. அன்னையார் குடையின் கீழ் அமர்ந்திருக்க, நாமும் மாணாக்கர் இருவரும் தள்ளினோம். பற்றரிகள் அனைத்தையும் மாற்றவேண்டும் என்றார் கடைக்காரர். அவர் கூறிய விலை எமது பல மாதச் சம்பளம்.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். 6 வோல்ற்றுப் பற்றரிகள் ஆறு தொடராக இணைந்து 36 வோல்ற்றுத் தருகின்றன. ஐந்திற் குறையில்லை. ஆறாவதில் ஈயத் தகடுகள் நீரின்றி வெளியே தெரிந்தன. தொடரிணைப்பில் நலிந்த ஒன்றே ஏனையவற்றின் ஓட்டத்தையும் முடித்துவிடும். வகுப்பில் இதை எத்தனை முறை கற்பித்திருப்போம்!

தகடுகள் மூடுமளவு காய்ச்சி வடித்த நீர் வார்த்து, முழுதும் மின்னேற்றிய பின்னரே உரிய மட்டத்துக்கு நிரப்பினோம். முன்னரே நிரப்பின் ஏற்றும்போது அமிலம் வழியும். முனைகளிற் பூத்த களிம்பை அப்பச்சோடா நீராற் கழுவினோம். தளர்ந்த ரயர்களுக்குக் காற்றடித்தோம். இப்பொழுது பாதிக்குமேல் மின்னை வடியவிடுவதில்லை. வீடு திரும்பியதும் ஏற்றிவிடுகிறோம்.

உலர்ந்த தகடு முழுதும் மீள்வதில்லை. ஆயினும் கோயிலுக்குப் போய்வரப் போதும். தேரன்று வண்டி நிற்கவில்லை. அன்னையார் குடையைக் கொண்டுவர மறக்கவுமில்லை.