பொய் சொன்னதும் உயர்ந்த வண்டி

பாடநூலையும் பிழைதிருத்தத்தையும் பற்றியே எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று ஒரு பிக்கப் வண்டியின் கதை. பொறுத்தருள்க.

2019 ஜூன் பள்ளி விடுமுறையில், அம்மாவை அழைத்துக்கொண்டு, அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வாழும் தம்பியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தம்பியிடம் ராம் 1500 பிக்கப் ஒன்று இருந்தது. நான்கு சக்கரங்களிலும் காற்றுப்பைகளே வில்லாக நின்று வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வகை. அதனை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும் என்பது பதினாறு வயதான அவன் மகனின் ஆசை. பட்டறைக்குக் கொடுக்காமல் தாங்களே செய்வதென முடிவெடுத்திருந்தனர்.

எங்கள் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் வில்லில் இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டுவார்கள். இரும்பு கூடும், வண்டி உயரும். அதில் ஒளிவுமறைவு இல்லை. தம்பியின் கையில் இருந்தவையோ நான்கு சிறு கம்பிகள் மட்டுமே.

"இதுவா வண்டியைத் தூக்கப் போகிறது?" என்றேன்.

மகன்தான் விளக்கினான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உயரத்தை அளக்கும் உணரி ஒன்று உண்டு. அதனைச் சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைப்பது ஒரு மெல்லிய கம்பி. சுமை ஏறி உடல் தாழ்ந்தால், உணரி அதனைக் கணினிக்குச் சொல்லும். கணினி காற்றை நிரப்பும். அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றிவிட்டால், சரியான உயரத்தில் நிற்கும்போதே 'தாழ்ந்திருக்கிறேன்' என்று உணரி சொல்லும். கணினியும் நம்பிவிடும்.

"அப்படியென்றால் நாம் பொய் சொல்கிறோம்."

"ஆமாம் பெரியப்பா. சின்னப் பொய்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2021-இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வு அப்போது நடப்பில் இருந்தது. முன்னோட்டத் தேர்வை எளிதாக்கிவிட்டு, உயர்ந்த வரைபடத்தைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டியவர்களுள் நானும் ஒருவன்.

வண்டியை ஆக உயர்ந்த நிலைக்கு ஏற்றியபின், சட்டகத்தின் அடியில் ஜாக் ஸ்டாண்டுகளை வைக்க வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்தான். "பத்து நிமிட வேலைக்கு எதற்கடா?" என்றான் தம்பி. ஸ்டாண்டுகள் வைக்கும்வரை பையன் ஸ்பானரைக் கொடுக்கவே இல்லை. பெரியவர் சொல்லுக்கு மறுபேச்சா என்று எனக்குச் சற்று எரிச்சலாகக்கூட இருந்தது.

தம்பி மல்லாந்து அடியில் நுழைந்தான். டெக்சாஸ் வெயில் நம்மூர் வெயிலைவிடக் கொடிது. புழுக்கம் தாளாமல் நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தேன். குளிர்காற்று வேண்டித் தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை.

பின்புறத்திலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்றோர் ஓசை. இருக்கை மெல்லச் சாய்ந்தது. பையன், "அப்பா!" என்று அலறினான். மொத்தென்ற சத்தத்துடன் வண்டி நின்றது.

தம்பி பழைய கம்பியைக் கழற்றியிருந்த வேளை அது. கட்டற்றுத் தொங்கிய உணரிக்கையின் நிலையைக் கண்டு, வண்டி அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டதென்று கணினி எண்ணிக் காற்றை வெளியேற்றியிருக்கிறது. அடியில் வேலை செய்யும்போது தானாகச் சமன்செய்வதை நிறுத்திவைக்கும் வசதி அவ்வண்டியில் உண்டு. நாங்கள் அதனைப் பயன்படுத்தவில்லை. இறங்கிய சட்டகம் ஸ்டாண்டின்மேல் அமர்ந்திருந்தது. அதற்குக் கீழே தம்பியின் மார்பு.

தம்பி ஊர்ந்து வெளியே வந்தான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். என் கால்கள் நடுங்கின. பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியப்பா கேட்பதா என்று அவனுக்குத்தான் கூச்சம்.

மாலைக்குள் வேலை முடிந்தது. எதிரே வருவோரின் கண் கூசாதிருக்க முகப்பு விளக்குகளைத் தாழ்த்தினார்கள். மறுநாள் சக்கரங்களை நேர்செய்யப் பட்டறைக்கே போக வேண்டியதாயிற்று. குழிகளில் வண்டி முன்னைவிட முரடாகக் குதித்தது.

ஞாயிற்றுக்கிழமை பியர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஏறி இறங்க வசதியாகத் தாழும் நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்தான் தம்பி. பொய் அங்கும் தொடர்ந்தது. தாழ்ந்த நிலையும் இரண்டு அங்குலம் உயர்ந்தே நின்றது. அம்மா சேலையைப் பற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இதுல நான் எப்படிடா ஏறுவேன்?"

பையன் வீட்டிற்குள் ஓடிப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை எடுத்து வந்தான்.