ஊர் கொடுத்த பட்டம்

ஜெர்மனி தேசத்துச் சிறு நகரங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் பெரும் உபகாரம் செய்தவர் என்று நகர சபையார் கருதும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை அந்நகரின் கௌரவப் பிரஜையாக ஏற்றுக்கொண்டு, முத்திரையிட்ட பத்திரம் ஒன்றை அளிப்பார்கள். இதனால் அவருக்குப் பெரிய லாபம் ஒன்றும் கிட்டுவதில்லை. நகர சபைப் புத்தகத்தில் பெயர் ஏறும். ஒரு வீதிக்கு அப்பெயரைச் சூட்டினாலும் சூட்டுவார்கள். பெரும்பாலும் பழைய நகராதிபதி, பாதிரியார், வைத்தியர், ஆலை முதலாளி ஆகியோரே இந்த மரியாதைக்கு உரியவர்களாக இருப்பார்கள்.

இத்தகைய ஜாபிதாக்களைப் படிப்பதில் நமக்குத் தனி ருசி உண்டு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிப்பவர்களுக்கு ராஜாக்களோடும் யுத்தங்களோடும் பழகிப் பழகி அலுத்துப் போகிறது. ஒரு சிற்றூர் தன் புத்தகத்தில் யாருடைய பெயரை எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்தால், அவ்வூர் எதைப் பெரிதாக மதித்தது என்பது விளங்கிவிடும். சில சமயம், தான் மதித்ததையே அவ்வூர் எப்படிக் கைவிட்டது என்பதும் விளங்கும். லௌப்ஹைம் என்ற ஊரின் கதை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

டான்யூப் நதிக்கரையிலுள்ள உல்ம் நகரத்துக்குத் தெற்கே, மேல் ஸ்வாபியா பிரதேசத்தில் இருக்கிறது லௌப்ஹைம். இன்றைக்கும் அதன் ஜனத்தொகை இருபதினாயிரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில யூதக் குடும்பங்கள் அங்கே குடியேற அனுமதி பெற்றன. நாளடைவில் அவர்கள் பெருகினார்கள். 1869-இல் லௌப்ஹைமில் இருந்த யூதர்கள் 843 பேர். வுர்ட்டம்பெர்க் ராஜ்யத்தில் அவ்வளவு பெரிய யூத சமூகங்கள் அதிகம் இல்லை. கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஒரே சந்தையில் வாங்கி விற்று, அண்டை அயலாராக வாழ்ந்து வந்தார்கள்.

அந்த ஊரில் 1867-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி ஓர் ஏழை யூத வியாபாரியின் வீட்டில் பிறந்தார் கார்ல் லெம்லே. அவ்வீட்டில் பிறந்த குழந்தைகளில் பல சிறு வயதிலேயே இறந்து போயின. கார்ல் பதின்மூன்றாம் வயதில் இக்கன்ஹௌஸன் என்ற ஊரில் ஒரு காகிதச் சாமான் கடையில் வேலை பழகச் சென்றார். 1883-இல் தாயார் காலமானார். மறு வருஷம், பதினேழு வயதில், 'நெக்கர்' என்ற கப்பலில் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்காவில் அவர் பட்ட சிரமங்களை விரிக்கப் போவதில்லை. எடுபிடி வேலை பார்த்தார், கணக்கு எழுதினார், விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஆஷ்காஷ் என்னும் ஊரில் துணிக்கடை ஒன்றை நிர்வகித்தார். ஏறக்குறைய நாற்பது வயது ஆகும்போது, துணிக்கடை வைக்கும் எண்ணத்துடன் சிகாகோ நகரத்துக்குப் போனார். அங்கே ஐந்து சென்ட் கொடுத்துச் சலனப்படம் பார்க்க ஜனங்கள் வரிசையாகக் காத்து நிற்பதைக் கண்டார். துணிக்கடை யோசனை அத்துடன் போயிற்று. 1906-இல் சொந்தமாக ஒரு படக் கொட்டகை திறந்தார்.

அக்காலத்தில் எடிஸனும் அவரைச் சேர்ந்தவர்களும் சினிமா யந்திரங்களின் உரிமைகளையெல்லாம் ஒரு கூட்டுறவாகத் திரட்டி வைத்துக்கொண்டு, பிறர் படம் எடுக்க ஒட்டாமல் தடுத்து வந்தார்கள். லெம்லே பணியவில்லை. அவர்மீது தொடுத்த வழக்குகள் 289 என்று சொல்வார்கள். கடைசியில் 1915-இல் அந்தக் கூட்டுறவே சட்ட விரோதமானது என்று நீதிமன்றம் தீர்த்தது. இதற்குள், 1912-இல், வேறு சிலருடன் சேர்ந்து 'யூனிவர்ஸல்' ஸ்தாபனத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார். 1915 மார்ச்சில் லாஸ் ஏஞ்ஜலிஸ் அருகில் 'யூனிவர்ஸல் ஸிட்டி' என்ற படப்பிடிப்பு நகரத்தையே திறந்து வைத்தார்.

செல்வம் சேர்ந்த பிறகு மனிதர்கள் முதலில் மறப்பது பிறந்த ஊரை. லெம்லே அதை மறக்கவில்லை. முதல் உலக யுத்தம் முடிந்து ஜெர்மனி பசியில் வாடியபோது, தம் ஊருக்கு உணவும் உடையும் பணமும் அனுப்பினார். கிறிஸ்தவக் குழந்தை, யூதக் குழந்தை என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. 1919-இல் லௌப்ஹைம் நகர சபை அவரைக் கௌரவப் பிரஜையாக்கியது; ஒரு வீதிக்கும் அவர் பெயர் வந்தது. அவரும் ஐரோப்பாவுக்கு வரும்போதெல்லாம் லௌப்ஹைமுக்கு வந்து, பழைய சிநேகிதர்களோடு அளவளாவிப் போவார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதில் விசேஷம் ஒன்றும் இராது. பணக்காரர் ஒருவர் கொடுத்தார், ஊரார் பட்டம் அளித்தார்கள், இருதரப்புக்கும் திருப்தி. உலகத்தில் எத்தனையோ ஊர்களில் நடப்பதுதான்.

1930-ஆம் வருஷம் லெம்லேயின் ஸ்தாபனம் 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி' என்ற படத்தை வெளியிட்டது. எரிக் மரியா ரெமார்க் என்ற ஜெர்மானிய ஆசிரியரின் நாவல் அது. யுத்தத்தின் கோரத்தை ஜெர்மானியச் சிப்பாய் ஒருவனின் கண்கொண்டு காட்டியது. அமெரிக்காவில் அதற்குத் தலைசிறந்த படம் என்ற பரிசு கிடைத்தது. பெர்லினிலோ, டிஸம்பர் மாதத்தில், கெப்பெல்ஸின் ஆட்கள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்து விட்டும், துர்நாற்றக் குண்டுகளை வீசியும் கலகம் செய்தார்கள். சில தினங்களில் சர்க்கார் படத்தைத் தடுத்துவிட்டது. வரப்போவதை லெம்லே உணர்ந்துகொண்டார். 1932-இல் ஹெர்ஸ்ட் என்ற பிரபல பத்திரிகை அதிபருக்குக் கடிதம் எழுதி, ஹிட்லரால் விளையக்கூடிய அபாயத்தைப்பற்றி எச்சரித்தார்.

1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் லௌப்ஹைமில் லெம்லேயின் பெயர் வீதியிலிருந்து அகற்றப்பட்டது. அதே வருஷத்தில் ஜெர்மனியின் ஆயிரக்கணக்கான ஊர்கள் ஹிட்லரைத் தங்கள் கௌரவப் பிரஜையாக்கிக் கொண்டன. ஊருக்கு அன்னம் அளித்தவனையும், ஊரை நெருப்பில் தள்ளப் போகிறவனையும் ஒரே மாதிரிப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். பட்டத்துக்குக் கண் கிடையாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஊர் தன்னைக் கைவிட்டபின் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதுதான் நம் உள்ளத்தைத் தொடுகிறது. 1936-இல் லெம்லே தம் ஸ்தாபனத்தை இழந்தார். வயதோ எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, குடியேற வருகிறவர் பொதுப்பணத்துக்குப் பாரமாக மாட்டார் என்று அங்குள்ள ஒருவர் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நல்லது. கையொப்பமிடுகிறவர் தம் வருமானம், சொத்து, செலுத்திய வரி எல்லாவற்றையும் வெளியிட்டு, வருகிறவரை ஆதரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். லெம்லே இத்தகைய பத்திரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்திட்டார். லௌப்ஹைம் யூதர்கள், சுற்று வட்டாரத்தார், உறவினர், முன்பின் கண்டிராதவர்கள் எல்லாருக்கும் எழுதினார்.

விரைவில் தடை முளைத்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்த அமெரிக்க ஸ்தானிகர் காரியாலயத்தார் அவருடைய பத்திரங்களை ஏற்கத் தயங்கினார்கள். இவருக்கோ வயதாகிவிட்டது, இத்தனை பேரை எப்படிக் காப்பாற்றுவார் என்பது அவர்களுடைய சந்தேகம். கணக்குப்படி பார்த்தால் அது நியாயமான சந்தேகமாகவும் தோன்றும். லெம்லே 1938-இல் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி கார்டெல் ஹல்லுக்கே முறையிட்டார். வசதி படைத்த மற்றவர்களையும் தூண்டிப் பத்திரம் எழுதச் செய்தார். அந்த வருஷம் நவம்பரில் லௌப்ஹைமின் யூத ஆலயம் தீக்கிரையாயிற்று.

1939 செப்டம்பர் 24-ஆம் தேதி, இரண்டாம் உலக யுத்தம் மூண்டு சில வாரங்களே ஆகியிருக்கையில், லெம்லே காலமானார். அவருடைய முயற்சியால் தப்பியவர்கள் முந்நூறு பேருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊரில் எஞ்சியிருந்த யூதர்களை 1941-லும் 1942-லும் கிழக்கே கொண்டுபோனார்கள். 1942 ஆகஸ்டு 19-ஆம் தேதி கடைசிக் கூட்டம் புறப்பட்டது. அத்துடன் லௌப்ஹைமின் யூத சமூகம் இல்லாமற் போயிற்று.

'கோடீசுவரனுக்கு இது ஒரு பெரிய காரியமா?' என்று சிலர் கேட்கலாம். தானம் வேறு, ஜாமீன் வேறு. தானம் செய்கிறவன் கொடுத்ததோடு மறந்துவிடலாம். ஜாமீன் நிற்பவன் மற்றவனுடைய நாளைய பசிக்கும் தானே பதில் சொல்ல ஒப்புக்கொள்கிறான். நம் குடும்பங்களில் நெருங்கிய பந்துக்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கே எத்தனை இரவுகள் தூக்கம் கெடுகிறது! முந்நூறு பேருக்கு அதைச் செய்ய வெறும் பணம் போதாது, மனம் வேண்டும்.

ஒருவன் பிறந்த நாட்டைவிட்டுப் பதினேழு வயதில் போய்விட்டான். வேறு தேசத்தின் பிரஜையும் ஆனான். அவனுக்கு என்ன தேசாபிமானம் என்று கேட்பவர்களும் உண்டு. அபிமானம் என்பது கொடியிலும் கோஷத்திலும் மட்டும் இருப்பதானால் அக்கேள்வி சரி. லௌப்ஹைமில் 1933-இல் கொடி பிடித்தவர்கள்தான் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அண்டை வீட்டாரை அந்நியர் என்றார்கள். கடல் கடந்து போனவரோ அந்த அண்டை வீட்டாரைப் பெயர் பெயராக நினைவில் வைத்திருந்தார். தேசம் என்பது மண்ணும் எல்லையுமா, அல்லது அங்கே வாழும் மனிதர்களா என்ற கேள்விக்கு அவருடைய கையெழுத்துக்களே பதில்.

லௌப்ஹைம் இன்று தன் பிழையை மறைக்கவில்லை. ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்று லெம்லேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய கோட்டை மாளிகையில், கிறிஸ்தவர்களும் யூதர்களும் சேர்ந்து வாழ்ந்த சரித்திரத்தைக் கூறும் காட்சிசாலை 2000-இல் திறக்கப்பட்டது. சினிமாப் படம் தயாரிப்பவர்களுக்காக அவர் பெயரால் 2017 முதல் ஒரு பரிசும் வழங்கத் தொடங்கினார்கள். அவ்வூரில் பிறந்த கிரேட்டல் பெர்க்மன் என்ற யூதப் பெண்மணி, 1936-இல் உயரந்தாண்டலில் 1.60 மீட்டர் தாண்டித் தேசிய ரிகார்டுக்குச் சமமாக நின்றும், ஒலிம்பிக் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டவர். ஜெர்மானிய மண்ணை இனி மிதிப்பதில்லை என்றிருந்த அவர், தம் பெயரை ஊர் மைதானத்துக்குச் சூட்டிய 1999-இல் மனம் இளகி லௌப்ஹைமுக்கு வந்து போனார். வராமல் இருந்திருந்தாலும் அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வந்தது அவருடைய பெருந்தன்மை. அழைத்தது ஊரின் கடமை.

கௌரவப் பிரஜை என்ற உரிமை, அது பெற்றவரின் மரணத்தோடு தீர்ந்துவிடும் என்பது அங்குள்ள சட்டம். சட்டம் தன் கணக்கை முடித்துக்கொள்ளட்டும். ஊரின் கணக்கு அப்படி முடிவதில்லை. பட்டம் கொடுப்பதற்கு ஒரு கூட்டமும் ஒரு தீர்மானமும் போதும். அப்பட்டத்துக்கு ஊரார் தகுதியாக நடந்துகொள்வதற்குத் தலைமுறைகள் வேண்டியிருக்கிறது. நம்முடைய ஊர்களிலும் யாருக்கேனும் மாலை சூட்டும்போது, 'இவர் தகுந்தவர்தானா?' என்று விசாரிக்கிறோம். நாளைக்கு ஒரு சோதனை வந்தால், மாலை சூட்டிய கைகள் என்ன செய்யும் என்பதையும் சற்று விசாரித்துக்கொள்வது நலம்.