ஆறு நிமிடத்துக்கு இடம்

பழையதை விட்டுப் புதியதைக் கைக்கொள்வது பிழையென்று வாதிக்கும் கூட்டத்தாரல்லோம் நாம். மண்ணெண்ணெய் விளக்கினின்று மின்விளக்குக்கு வந்தோம். அதனால் நம் பிள்ளைகளின் கண்களுக்கும் படிப்புக்கும் நன்மையே விளைந்தது. பழமை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் போற்றுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும், சென்ற மாதம் நமது பழைய பாட்டுக் கருவி ஒன்றை மாற்றப் புகுந்தபோது நாம் கற்ற பாடம் வேறு வகையானது. அதை ஒளிக்காமல் ஈண்டு எழுதுகிறோம். நம்மைப்போல் தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் குடியேறிய அன்பர்கள் பலர்க்கும் இது பயன்படக்கூடும்.

கருவி மிகச் சிறியது. இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கினாற் போன்ற அளவே உடையது. 2007-ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதியில் வாங்கியது. எம்பி3 முறையில் சுருக்கப்பட்ட பாடல்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டு இயர்ஃபோன் வழியே நம் செவிக்கு மட்டும் பாடும். பேச்சைப் பதிவு செய்யும் ஒலிவாங்கியும் அதில் உண்டு. அதன் கொள்ளளவு ஒரு கிகாபைட். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் இடம் வேண்டும். ஆகவே சுமார் 17 மணி நேரப் பாட்டுக்கு மேல் அதில் ஏறாது. அந்நாளில் அதுவே நமக்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றியது. தோன்றியதில் வியப்பில்லை. பாட்டியார் காலத்துக் கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1979-இல் ஜப்பானியர் கொணர்ந்த வாக்மனில் ஒரு கேசட்டின் பக்கம் முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் போடவேண்டும். 1998-இல் கொரியாவிலிருந்து வெளிவந்த முதல் எம்பி3 கருவியில் அரைமணிப் பாட்டுக்கே இடமிருந்தது. இவற்றையெல்லாம் நினைக்க, 17 மணி நேரம் என்பது கடலன்றோ!

அக்கருவி இப்போது தளர்ந்துவிட்டது. திரையின் பாதி இருண்டது. பொத்தானொன்று உள்ளே அமிழ்ந்து மேலே வர மறுத்தது. இரவு முழுதும் மின்னூட்டினும் இருபது நிமிடத்துக்குமேல் பாடவில்லை. இறுதியில் அதன் பின்மூடி தானே மேலெழும்பி நின்றது.

"அப்பா, கைப்பேசியிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறதே! இதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்றாள் நம் மகள். அவள் கூற்றில் நியாயமுண்டு. 2001-இல் ஐபாட் என்னும் கருவியால் உலகையே ஆட்கொண்ட ஆப்பிள் நிறுவனம்கூட, கைப்பேசியே அவ்வேலையைச் செய்துவிடுவதால், 2022 மே மாதத்தில் அக்கருவிக்கு விடைகொடுத்துவிட்டது. ஆனால் மகளிடம் நாம் சொல்லாத காரணமொன்று இருந்தது. உலகத்துப் பாட்டெல்லாம் கைப்பேசியில் இருக்கலாம். நம் அன்னையார் பாடிய பாட்டு அதில் இல்லை. அது இக்கருவியில் மட்டுமே இருந்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை கிள்ளானில் கொம்யூட்டர் இரயிலேறி, பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, முன்னாளில் பத்து ரோடு என்று வழங்கிய துவாங்கு அப்துல் ரகுமான் சாலையைக் கடந்து மஸ்ஜித் இந்தியாவுக்கு நடந்தோம். 1863-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற வீதி அது. இன்றும் அங்கே தமிழ் ஒலிக்கிறது. சேலைக் கடையும், பூக்கடையும், மருந்து விற்போன் கூவலும் மாறவில்லை. மாறியது பாட்டே. நம் இளமையில் அவ்வீதியின் பாட்டுக் கடைகள் ஒன்றையொன்று வெல்லும் குரலில் பாடிக்கொண்டிருந்தன. ஒரு கடையில் டி.எம். சௌந்தரராசன் பாட, எதிர்க்கடையில் நாகூர் இ.எம். ஹனிபா பாட, இரண்டுக்கும் நடுவில் நின்று எதைக் கேட்பதென்று தெரியாமல் அன்னையார் திகைத்ததை நாம் கண்டிருக்கிறோம். மத பேதம் பாராமல் அவர் ஹனிபாவின் பக்கமே திரும்புவார். நாம் அறிந்த அக்கடைகளில் இன்று முக்காடுத் துணிகளும் கைப்பேசி உறைகளும் தொங்குகின்றன.

கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு மேசை ஒன்றின் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் அமர்ந்திருந்தார். முன்பு கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தவராம். "பாய், இதைப் பழையபடி ஓடச்செய்ய வேண்டியதில்லை, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துத் தந்தால் போதும்" என்றோம். அவர் வாங்கிப் பார்த்ததும் முகம் மாறினார்.

"மூடி தூக்கியிருக்கிறதே ஐயா, இதற்கு இன்னுமா சார்ஜ் போட்டீர்கள்? பேட்டரி உப்பியிருக்கிறது. குத்துப்பட்டால் நெருப்பாகிவிடும்" என்று கடிந்தார். லித்தியம் பேட்டரியின் இயல்பை அவரே விளக்கினார். ஒவ்வொரு தடவை மின்னூட்டும்போதும் அதனுள் இரசாயன மாற்றம் நிகழ்கிறது. அம்மாற்றத்தில் ஒரு சிறு பகுதி மீளாமலே நின்றுவிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளும் மின்சாரம் குறைகிறது. சிலவற்றில் வாயு உண்டாகி, அடைத்த பையை உப்பச் செய்கிறது. அப்படி உப்பியதை மின்னூட்டலாகாது, அமுக்கலாகாது, குப்பையிலும் எறியலாகாது. இதை அறியாமல் அக்கருவியைத் தலையணை அருகில் வைத்து உறங்கிய நமது மடமையை என்னென்பது!

பாய் பழைய பேட்டரியை மெல்ல அகற்றினார். அளவு பொருந்தும் வேறொன்றைப் பற்றவைத்தார். அக்கருவிக்கென்றே தனியாகச் செய்த இணைப்புக் கம்பி நம்மிடம் தொலைந்து போயிருந்தது. அவர் ஓர் இழுப்பறையைத் திறந்தார். பாம்புக் குட்டிகள்போல் பழங்கம்பிகள் நெளிந்து கிடந்தன. அரைமணி தேடி ஒன்றைக் கண்டெடுத்தார். கணினித் திரையில் பட்டியல் விரிந்தது. சினிமாப் பாடல்கள் இருநூறுக்குமேல் ஒழுங்காக நின்றன. அவற்றின் கீழே, வாய்ஸ் 001, வாய்ஸ் 002, வாய்ஸ் 004.

"மூன்றாவது எங்கே ஐயா?" என்றார் பாய்.

அது எங்கே போயிற்றென்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வாயால் இல்லையென்று கேட்கவே வந்தோம் போலும்.

நேயர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். 2008-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் பிள்ளைகள் அனைவரும் கிள்ளான் வீட்டில் கூடியிருந்தபோது, அன்னையாரைப் பாடச் சொல்லி அக்கருவியில் பதிந்தோம். காப்பார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பதாண்டு பால் வெட்டியவர் அவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, வாளியும் கத்தியுமாக நிரைக்குள் நுழைந்தவர். பள்ளிக்கூடம் காணாதவர். "இந்தப் பெட்டிக்குள்ள பெரிய பெரிய ஆளுங்களெல்லாம் பாடுறாங்க, அவங்க நடுவுல நானா?" என்று நாணினார். பிறகு மூன்று பாடினார். முதலாவது ஆயாக் கொட்டகைத் தாலாட்டு. இரண்டாவது, நிரைக்கு நிரை பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்து பாடும் வேலைப் பாட்டு. மூன்றாவது ஒப்பாரி. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, திரும்பிப் போவோம் போவோமென்று சொல்லிக்கொண்டே தோட்டத்துச் சுடுகாட்டில் அடங்கிய தம் தாயாரை நினைத்து, தாமே கட்டிய பாட்டு. ஆறு நிமிடம் பாடினார். முடிந்தபின் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

2010 ஜூலை இறுதியில் எந்திரன் படத்தின் பாடல்கள் வெளிவந்தன. புத்ராஜெயா மாநாட்டு மண்டபத்தில் விழா நடந்ததால் நம் நாட்டுத் தமிழர்க்கெல்லாம் ஒரே பெருமிதம். நாமும் அவற்றைக் கருவியில் ஏற்ற விரும்பினோம். இடமில்லை. சில பழம் பாடல்களை நீக்கினோம். இன்னும் ஒரு பாட்டுக்கு இடம் வேண்டியிருந்தது. அப்போது வாய்ஸ் 003 கண்ணிற்பட்டது. ஒப்பாரிதானே, இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். நல்ல நாளும் அதுவுமாகத் தப்பித் தவறி ஒலித்தால் வீட்டார் முகஞ்சுளிப்பரே என்றும் நினைத்தோம். மூட நம்பிக்கையைச் சாடி மேடையில் பேசிய நாமே அமங்கலம் என்ற அச்சத்துக்கு அடிபணிந்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்னையார் உயிரோடிருக்கிறார், நாளைக்கே மறுபடி பாடச் சொன்னால் ஆயிற்று என்று நினைத்தோம். நீக்கினோம். வாய்ஸ் 004-ஐ நீக்கவில்லை. அது, சந்தையில் வாங்க வேண்டிய சாமான்களை நம் குரலிலேயே நாம் சொல்லி வைத்த பட்டியல்.

அந்தப் படத்தின்மேலோ பாடல்களின்மேலோ நமக்கு யாதொரு குறையுமில்லை. அவை இன்றும் இனிக்கின்றன. பாய் கணினியில் ஒரு பாடலை ஓடவிட்டபோது இனிக்கத்தான் செய்தது.

"மீட்க வழியுண்டா?" என்று கேட்டோம். அவர் தலையசைத்தார். அழி என்று நாம் கட்டளையிட்டதும் கருவி பாட்டை உடனே அழிப்பதில்லையாம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளுமாம். வேறொன்று வந்து அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். "காலி செய்த வீட்டில் மறுநாள் போய்ப் பார்த்தால் சாமான் கிடைக்கும் ஐயா. வேறு குடும்பம் குடிவந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டால் என்ன கிடைக்கும்?" என்றார். தோட்டம் விலைபோய், லயங்களைக் காலி செய்து, லாரியில் சாமான் ஏற்றிய நாள் நம் நினைவுக்கு வந்தது. அவர் அதை அறிந்து சொல்லவில்லை.

மறுபடி பாடச் சொல்லவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சொன்னோம். 2011-இல் ஒருநாள், உண்மையை மறைத்து, "அந்தக் கப்பல் பாட்டை இன்னொரு தடவை பாடுங்களேன் அம்மா" என்றோம். "அதான் பொட்டியில பாடி வெச்சிட்டேனேப்பா. ஒரு அழுகைய எத்தனை தடவ அழுவுறது?" என்றார். பெட்டியில் இருக்கிறதென்ற நம்பிக்கையோடுதான் அடுத்த ஆண்டு கண்ணை மூடினார். நாம் சொல்லவேயில்லை.

பாயிடம் கூலி கொடுத்துவிட்டு, உப்பிய பேட்டரியையும் முறைப்படி கழிக்குமாறு அவரிடமே ஒப்படைத்துவிட்டு, அதே வீதியில் புதிய கருவி ஒன்று வாங்கினோம். 64 கிகாபைட். இரவுபகல் ஓயாமல் பாடினாலும் 45 நாளைக்குக் குறையாது. விலையோ பழையதைவிடக் குறைவு. விஞ்ஞானத்தை நாம் எவ்விதம் குறை கூறுவோம்? அது நமக்கு இடத்தை அள்ளி அள்ளித் தருகிறது. அவ்விடத்தில் எதை வைப்பது, எதை நீக்குவது என்ற தீர்ப்பு மட்டும் நம்முடையது. அத்தீர்ப்பில் நம் தாய்மாரின் பாட்டை நாமே தாழ்த்தினோம். சினிமாப் பாட்டை நாம் இழந்தால் ஆயிரம் இடத்தில் அது கிடைக்கும். பால் வெட்டியவள் கட்டிய பாட்டு அவள் தொண்டையில் இருந்தது. அல்லது நம் கையில் இருந்தது. மூன்றாவதோர் இடம் அதற்கு இல்லை.

ஆகவே நம் நேயர்களை வேண்டிக்கொள்வது இவ்வளவே. பழைய கருவியை மாற்றுங்கள், தயங்க வேண்டுவதில்லை. மாற்றுமுன் அதில் உங்கள் வீட்டுக் குரல் ஏதேனும் உண்டாவெனத் தேடுங்கள். இருப்பின் ஒரே இடத்தில் வையாமல் இரண்டு மூன்று இடங்களில் படி எடுத்து வையுங்கள். எண்ணை மாற்றிப் பெயரிடுங்கள்; பெயரில்லாத பொருளைத்தான் கை முதலில் எறிகிறது. இன்னும் பதியாதவர்கள், பாடத்தெரிந்த முதியோர் இருக்கும்போதே, நாளையென்று சொல்லாமல் பதியுங்கள்.

வீடு திரும்பிய அன்றிரவே நம் தமக்கையார் வீட்டுக்குச் சென்றோம். அன்னையாருடன் நிரையில் நின்றவர் அவர். நடந்ததை முதன்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னோம். அவர் திட்டவில்லை. நெடுநேரம் சுவரைப் பார்த்திருந்துவிட்டு, கப்பல் ஏறும் பகுதியைப் பாடினார். நாகப்பட்டினக் கரை மறைவது வரையில் வந்தது. அதற்கப்பால் அவருக்கு நினைவில்லை. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. புதிய கருவியில் முதலாவதாக ஏறியது அதுவே.