வெளிக்கிட்ட அக்காமாரின் கணக்குகள்

எங்கட பீடத்தில் சில பட்ச்கள் சேர்ந்து சேகரித்த வாய்மொழிக் கதைகள் இருக்கின்றன. இடம்பெயர்ந்தது, காணி இழந்தது, அம்மம்மாமார் சொன்ன ஊர்ப்பெயர்கள். எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்கிற தரவுத்தளத்தில், மூலை அறையில் ஓடும் பழைய கணினியொன்றில். கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு என்று கேட்காத ஆட்கள் குறைவு. கதை சேர்க்கிறவைதானே அதைப் பூட்டியும் வைக்கவேணும்.

பொறுப்பு எங்களிடம் வந்ததும் முதலில் பார்த்தது, ஆர் ஆருக்குக் கணக்கு இருக்கு என்பதைத்தான். 19 பேர். இப்ப கம்பஸில் இருக்கிறவை 6 பேர். மற்றவர்கள் பட்டம் முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் நாட்டிலேயே இல்லை. அவையில எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கதை சொன்ன ஆட்கள், “பிள்ளை, பேர் வெளியில வரக்கூடாது” என்று கேட்டுத்தான் வாய் திறந்தவை. பழைய பாஸ்வேட் ஒன்று எந்த மடிக்கணினியில், எவர் கையில் கிடக்குதோ?

கட்டளை வரியில் அழிக்கிறது லேசு மாதிரித் தெரியும். ட்ரொப்யூசர், ஓர் இடைவெளி, பெயர். உறுதியா என்றுகூடக் கேட்காது. கேட்கவேணும் என்றால் சிறுகோட்டோடு ஐ என்ற எழுத்தையும் சேர்க்கவேணும். நாங்கள் எப்பவும் சேர்ப்போம்.

ஆனால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். இந்த ஆளில் தங்கிய பொருட்கள் இருக்கு, நீக்க ஏலாது என்று சொல்லும். நேர்காணல் அட்டவணையை உருவாக்கியது ஒரு அக்கா. உருவாக்கியவரே உரிமையாளர். அவ போனால் அது ஆருடையது என்று சொல்லிவிட்டு வா என்கிறது, உறுதி எழுதுற நொத்தாரிசு மாதிரி.

இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பட்ச் பிரதிநிதியின் பெயருக்கு மாத்துவம் என்றார்கள் சிலர். அப்படியென்றால் அடுத்த பட்ச்சும் இதே இடத்தில் வந்து நிற்கும். கடைசியில், உள்நுழைய முடியாத ஒரு பொதுக் கணக்கை உருவாக்கி அதன் பெயரில் எழுதினோம். 8.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் யூசரும் குழுவும் ரோல் என்ற ஒரே சாமான்தான், லொகின் இருக்கா இல்லையா என்பதே வித்தியாசம்.

வரிசை முக்கியம். முதலில் பிரதி எடுத்தோம். பிறகு நோலொகின், அதோடு கதவு பூட்டு. அடுத்து ரீஅசைன் ஓன்ட், உடைமை கைமாறும். அதற்குப் பிறகுதான் ட்ரொப் ஓன்ட், மிச்ச அனுமதிகளைத் துடைக்க. இந்த இரண்டும் இடம் மாறினால் அட்டவணையே போய்விடும், கதைகளோடு. கணக்கு முழுச் சேர்வருக்கும் பொது. இந்தக் கட்டளைகளோ நாங்கள் நிற்கிற தரவுத்தளத்து அட்டவணைகளைத்தான் தொடும். ஆகவே நேர்காணலுக்கு ஒருக்கா, படங்களுக்கு ஒருக்கா. எல்லாம் முடிந்தபிறகு ட்ரொப்யூசர் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

தொடங்க முன்னமே எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தோம். அந்த அக்கா எழுதினா: “அழியுங்கோ. ஆனா நான் செய்தது எண்டு எங்கயாவது இருக்கட்டும்.” நியாயமான கேள்வி. உடைமை மாறினால் பழைய பெயரைத் தரவுத்தளம் நினைவில் வைத்திருக்காது. அட்டவணைக்கே குறிப்பு எழுத கொமன்ட் ஒன் டேபிள் என்று ஒரு கட்டளை இருக்கு. அதில் அவவின் பெயரையும், கூடப்போய்ப் பதிவு செய்தவர்களின் பெயர்களையும் எழுதினோம்.

2 பேரிடமிருந்து இன்னும் பதில் வரேல்லை. அவையின்ட கதவு மட்டும் பூட்டியிருக்கு, பெயர் பட்டியலில் அப்படியே கிடக்குது.