நான் பார்த்தேன் சார்!

இந்தத் தடவை ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி எழுதப் போகிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும்.

நாவலின் பெயர் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. 1920-ல் வந்தது. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல். முதல் உலகப் போர் நடந்தபோது அவர் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தாராம். அதனால் விஷங்களைப் பற்றி நன்றாகத் தெரியும். காலேஜ் படிக்கும் என் அக்கா ரோமன் ரோலண்ட் நூலகத்தில் இருந்து எடுத்து வந்து, கரண்ட் போன ராத்திரிகளில் எனக்குத் தமிழில் கதையாகச் சொன்னாள்.

ஒரு பணக்கார அம்மா விஷத்தால் இறந்துபோகிறார். விஷம் ஸ்ட்ரிக்னைன். பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், நம்ம எட்டிக் கொட்டையில் இருக்கும் அதே விஷம்தான்! புதுச்சேரியைச் சுற்றியுள்ள காடுகளில் எட்டி மரம் உண்டு. அந்த விஷத்தை 1818-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள்.

மருந்துக்கடை இளைஞர் சாட்சி சொல்கிறார்: அந்த அம்மாவின் கணவர்தான் வந்து விஷம் வாங்கினார் என்று. ஊரே நம்புகிறது. ஆனால் அந்த இளைஞர் ஊருக்குப் புதுசு. அவர் பார்த்தது ஆளையா, இல்லை தாடியையும் கண்ணாடியையும் உடையையும்தானா? துப்பறியும் புவாரோ அங்கேதான் பிடிக்கிறார். கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானும் ஒரு சாட்சி.

போன வருஷம் எங்கள் வகுப்பில் டூர் பணம் 200 ரூபாய் காணாமல் போனது. "இன்டர்வெல்லில் கிளாசுக்குள்ள யாரு இருந்தது?" என்று சார் கேட்டார். நான் எழுந்து, "அவன்தான் சார், நான் பார்த்தேன்" என்று என் நண்பனைக் காட்டினேன். "நான் கிரவுண்டுல இருந்தேன் சார்" என்று அவன் அழுதான். யாரும் கேட்கவில்லை. தொழிற்பேட்டை கம்பெனியில் வேலை செய்யும் அவன் அப்பா, அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து தலை குனிந்து நின்றார்.

இரண்டு நாள் கழித்து, தொலைத்தவனின் அறிவியல் நோட்டு அட்டைக்குள்ளேயே பணம் இருந்தது. அன்றைக்கு நண்பன் மறந்துவிட்டு வந்த பையை அவன் தம்பி கொண்டு வந்து வைத்திருக்கிறான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது முதுகையும் சிவப்புப் பையையும் மட்டும்தான். யூனிபார்மில் எல்லா முதுகும் ஒன்றுதானே!

நான் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவனைப் பார்த்ததாகத்தான் நினைத்தேன். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதி என்று விடுதலையானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், யாரோ தவறாக அடையாளம் காட்டியதால் சிறைக்குப் போனவர்களாம்.

கதை கேட்ட மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ பார்த்தது பையைத்தானேடா. அதை மட்டும் சொல்லியிருக்கலாமே?" என்றான். இதை எழுதட்டுமா என்றும் கேட்டேன். "எழுது, என் பேரைப் போடாதே" என்றான். இன்னும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

'கண்ணால் காண்பதும் பொய்' என்று எத்தனையோ தடவை பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நண்பர்களே, நீங்கள் சாட்சி சொல்ல எழுந்தால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நினைத்ததைச் சேர்க்காதீர்கள்.

- 10-ம் வகுப்பு மாணவன், சேதராப்பட்டு